வண்டு வந்துபோன முதுகாடு: எதை வெட்டுவது, எதை விடுவது?

1983 ஆகஸ்ட் 1ஆம் தேதி, ஜெர்மனியின் தென்கிழக்கு மூலையில் செக் எல்லையை ஒட்டியுள்ள பவேரியக் காடு தேசியப் பூங்காவில் கடும் புயல் வீசியது. ஓங்கி நின்ற ஸ்புரூஸ் மரங்கள் வேரோடு சாய்ந்தன. சாய்ந்த மரத்தைக் காலம் தாழ்த்தாமல் அறுத்து வெளியே கொண்டுபோய்விட வேண்டும் என்பது அந்நாட்டு வனத்துறையில் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்த வழக்கம். ஆனால் 1970இல் தொடங்கப்பட்ட அந்தப் பூங்கா ஜெர்மனியின் முதல் தேசியப் பூங்கா. அங்கே இயற்கையை அதன் போக்கில் விடலாம் என்றார் அதன் இயக்குநர் ஹான்ஸ் பீபெல்ரீத்தர். காடுகளுக்குப் பொறுப்பான பவேரிய அமைச்சர் ஹான்ஸ் ஐசன்மானும் அதற்குச் சம்மதித்தார். சாய்ந்த மரங்களில் ஒரு பெரும் பகுதி கிடந்தபடியே விடப்பட்டது.

சில ஆண்டுகளில் அந்த மரங்களில் பட்டை வண்டு பெருகி, நின்ற மரங்களுக்கும் பரவியது. 1990களில் லூசன், ராகெல் மலைச்சரிவுகளில் முதிர்ந்த ஸ்புரூஸ்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. மொத்தத்தில் ஏறக்குறைய 6,000 ஹெக்டேர் காடு பட்டுப்போனது. சுற்றுவட்டார மக்கள் கொதித்தெழுந்து சங்கம் அமைத்துப் போராடினார்கள். காடு இனி எழாது என்பதே ஊர்ப்பேச்சாக இருந்தது. ஆனால் 2000களில் எடுத்த கணக்கெடுப்புகளில், பட்டமரங்களுக்கு நடுவே ஹெக்டேருக்கு ஆயிரக்கணக்கில் இளங்கன்றுகள் நின்றன. அவற்றில் பெரும்பாலானவை யாரும் நடாமல் தாமாக முளைத்தவை.

இதே வண்டு போலந்தின் பியாவோவியெஷா காட்டில் 2012 முதல் பெருகியது. அங்கே எடுத்த முடிவு நேர் எதிரானது. 2016 மார்ச்சில் சுற்றுச்சூழல் அமைச்சர் யான் ஷிஷ்கோ, ஒரு வனக் கோட்டத்தில் பத்தாண்டுக்கு அனுமதித்திருந்த வெட்டு அளவை 63,471 கன மீட்டரிலிருந்து 1,88,000 கன மீட்டராக உயர்த்தினார். நூறு வயது தாண்டிய மரங்கள் நிற்கும் பகுதிகளிலும் ரம்பம் இறங்கியது. ஐரோப்பிய நீதிமன்றம் 2017 ஜூலையில் வெட்டை நிறுத்தச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில், மீறினால் நாளொன்றுக்குக் குறைந்தது 1,00,000 யூரோ அபராதம் என்று எச்சரித்தது. 2018 ஏப்ரல் 17 அன்று, போலந்து சட்டத்தை மீறியது என்று தீர்ப்பளித்தது.

வண்டு ஒன்று, மரமும் ஒன்று; முடிவுகள் மட்டும் இரு துருவங்கள். எல்லாக் காட்டுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது என்பது உண்மை. ஆனால் எந்தக் காட்டிலும் முடிவெடுக்கும் முன் கேட்டுத் தீர வேண்டிய கேள்விகள் உண்டு. வனச்சரகர், வனக்காப்பாளர், சொந்தமாகக் காடு வைத்திருப்பவர், கிராம வனக்குழு உறுப்பினர் என யாராக இருந்தாலும், அந்தக் கேள்விகளை வரிசையாகக் கேட்டு விடை காண இந்த அத்தியாயம் உதவும்.

வண்டு எங்கே வாழ்கிறது?

முதல் கேள்வி இதுதான். பூச்சி மரத்தின் எந்தப் பகுதியில் வாழ்கிறது, எத்தனை நாளில் வளர்கிறது, எப்போது வெளியே பறக்கிறது என்பது தெரியாமல் எடுக்கும் நடவடிக்கையில் பணமும் மரமும்தான் வீணாகும்.

ஐரோப்பிய ஸ்புரூஸ் பட்டை வண்டு ஓர் அரிசி மணி அளவே இருக்கும், 4 முதல் 5.5 மில்லிமீட்டர் நீளம். வசந்தத்தில் வெப்பம் 16, 17 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் பறக்கத் தொடங்கும். முதலில் ஆண் வண்டு பட்டையைத் துளைத்து உள்ளே ஓர் அறை அமைத்து, இனக்கவர்ச்சி மணத்தை வெளியிடும். அந்த மணத்துக்குப் பெண் வண்டுகளும் மற்ற ஆண்களும் திரளும். பெண் வண்டு பட்டைக்கு அடியில் மரத்தின் நீளவாக்கில் ஒரு சுரங்கம் தோண்டி, அதன் இரு ஓரங்களிலும் முட்டையிடும். பொரிந்த புழுக்கள் குறுக்குவாட்டில் உள்பட்டையைத் தின்று நகரும். இலையில் உருவாகும் உணவு வேருக்கு இறங்கும் வழி அந்த உள்பட்டைதான். அது அறுபட்டால் மரம் பட்டினியால் சாகும். வண்டோடு வரும் நீலக்கறைப் பூஞ்சைகள் நீரோட்டத்தையும் அடைத்துச் சாவை விரைவுபடுத்தும்.

நல்ல தெம்புள்ள மரம் சும்மா இருக்காது. துளையில் பிசினைப் பீய்ச்சி, வரும் வண்டை மூழ்கடிக்கும். அதனால் சாதாரண ஆண்டுகளில் இந்த வண்டுக்குச் சாய்ந்த மரமும் நோயுற்ற மரமுமே கிடைக்கும். புயலில் ஏராளமான மரங்கள் விழும்போதும், வறட்சியில் பிசின் சுரப்பு வற்றும்போதும் நிலைமை மாறுகிறது. நூற்றுக்கணக்கான வண்டுகள் ஒரே நேரத்தில் மொய்த்தால் தெம்புள்ள மரமும் தோற்றுப்போகும். வெப்பமான கோடையில் ஒரு தலைமுறை ஆறேழு வாரங்களில் முடிந்துவிடும். வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு தலைமுறை; கடும் கோடையில் தாழ்வான இடங்களில் மூன்று. 2018 முதல் ஜெர்மனியைத் தொடர்ந்து வாட்டிய வறட்சியில் இப்படித்தான் கணக்கு கைமீறியது. 2021 ஏப்ரல் வரையான மூன்றேகால் ஆண்டுகளில் அந்நாட்டில் ஏறத்தாழ 5,01,000 ஹெக்டேரில் மரப்போர்வை அழிந்தது என்று ஜெர்மன் விண்வெளி மையம் செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணக்கிட்டது. ஹார்ஸ் மலை போன்ற இடங்களில், மனிதர் நட்டு வளர்த்த ஒற்றை இன ஸ்புரூஸ் தோப்புகள் அடியோடு போயின.

பச்சை, சிவப்பு, சாம்பல்

இரண்டாவது கேள்வி: வண்டு இப்போது இந்த மரத்தில் இருக்கிறதா, போய்விட்டதா? பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் நேர்கின்றன. தாக்குண்ட மரம் மூன்று நிலைகளைக் கடக்கிறது.

பச்சை நிலை: உச்சி பச்சையாகவே இருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடிமரத்துக்கு அருகே போனால் பட்டை இடுக்கிலும், பாசி மேலும், சிலந்தி வலையிலும் காப்பித்தூள் போன்ற பழுப்பு மரத்தூள் படிந்திருக்கும். பிசின் சொட்டும். மரங்கொத்தி பட்டையைச் செதில் செதிலாகப் பெயர்த்திருக்கும். வண்டும் புழுவும் உள்ளே இருப்பது இந்த நிலையில்தான்.

சிவப்பு நிலை: ஊசியிலைகள் செம்பழுப்பாகி உதிரத் தொடங்கும். கோடையில் இந்த நிறம் கண்ணில் படும்போது, பெரும்பாலும் புதிய தலைமுறை வண்டுகள் பறந்து போயிருக்கும். சில மரங்களில் மட்டும் பட்டைக்குள் மிச்சம் தங்கியிருக்கலாம். பட்டையை உரித்துப் பார்க்காமல் இதை முடிவு செய்ய முடியாது.

சாம்பல் நிலை: இலை கொட்டி, பட்டை உதிர்ந்து, வெறும் கட்டை நிற்கும். உள்பட்டை காய்ந்துவிட்டதால் ஸ்புரூஸ் பட்டை வண்டு இதில் இனி ஒருபோதும் இனப்பெருக்கம் செய்யாது. அதற்குப் பதில் வேறு உயிர்கள் குடிவந்திருக்கும். எறும்பைப் போன்ற தோற்றம் கொண்ட ஒரு வண்டு பட்டை வண்டையே பிடித்துத் தின்னும்; ஒட்டுண்ணிக் குளவிகள் அதன் புழுக்களில் முட்டையிடும். இந்த எதிரிகளில் பல, இரை பறந்துபோன பிறகும் செத்த மரத்தின் பட்டைக்குள்ளேயே தங்கி மெதுவாக வெளிவருபவை.

காட்டைச் சுற்றி வரும் அதிகாரியின் கண்ணில் முதலில் படுவது சாம்பல் மரம். ஊடகங்களில் வரும் படமும் அதுதான். அதை வெட்டிச் சுத்தம் செய்தால் வேலை நடந்தது போலத் தோன்றும். ஆனால் அங்கே போவது வண்டின் எதிரிகளே. வண்டோ, பச்சையாகத் தெரியும் பக்கத்து மரத்தில் இருக்கும். ஆகவே குறி போடும் கோடாரியோடு பட்டை உரிக்கும் கத்தியும் ஒவ்வொரு பணியாளர் கையிலும் இருக்க வேண்டும். தாக்குண்ட மரத்துக்கு எண், இடம், நிலை, பார்த்த தேதி நான்கையும் பதிவேட்டில் எழுத வேண்டும். நிலையைக் குறிக்காத பட்டியலை வைத்து வெட்டு உத்தரவு கொடுக்கக் கூடாது.

இந்தக் காடு எதற்காக நிற்கிறது?

மூன்றாவது கேள்வி காட்டின் நோக்கம் பற்றியது. ஒரே மலையில்கூட ஒவ்வொரு பகுதிக்கும் நோக்கம் மாறலாம். வரைபடத்தை விரித்து நான்கு வகையாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

முதலாவது, உள்மண்டலம். தேசியப் பூங்காவின் மையப் பகுதி, மனிதர் கை படாத பழங்காடு போன்றவை இதில் அடங்கும். இங்கே வண்டுத் தாக்கு காட்டின் வாழ்வில் ஓர் இயற்கையான கட்டம். ஐரோப்பிய மலை ஸ்புரூஸ் காடுகள் புயலாலும் வண்டாலும் நூற்றாண்டுகளாகச் சாய்ந்தும் எழுந்தும் வந்தவை. இங்கே வெட்டுவதில்லை.

இரண்டாவது, இடைப்பட்டி. பூங்காவுக்கும் பக்கத்துத் தனியார் காட்டுக்கும் நடுவே உள்ள பகுதி. பவேரியக் காட்டில் எல்லையோரமாகக் குறைந்தது 500 மீட்டர் அகலத்துக்கு இந்தப் பட்டி உண்டு. இதற்குள் தாக்குண்ட மரங்களைத் தேடித் தேடி அகற்றுகிறார்கள். தன் தோப்பை நம்பி வாழும் விவசாயிக்கு அரசு தரும் உத்தரவாதம் இது. உள்ளே வெட்டாமல் விடும் துணிவு, எல்லையில் காட்டும் இந்தக் கண்டிப்பால்தான் நிலைக்கிறது. 1997இல் பூங்கா சுமார் 24,000 ஹெக்டேராக விரிந்தபோது, புதிதாகச் சேர்ந்த பகுதியில் வண்டுக் கட்டுப்பாட்டை உடனே கைவிடவில்லை; வெட்டாத பரப்பைப் பல ஆண்டுகளில் படிப்படியாகக் கூட்டினார்கள்.

மூன்றாவது, மரத்துக்காக வளர்க்கும் காடு. இங்கே விரைந்து அகற்றுவதே முறை. நான்காவது, ஊரையும் சாலையையும் பாறைச் சரிவிலிருந்தும் பனிச்சரிவிலிருந்தும் காக்கும் சரிவுக் காடு. இதற்கு அவசரப்பட்டு முடிவு சொல்லக் கூடாது. 1990 பிப்ரவரியில் வீசிய விவியன் புயலுக்குப் பின், சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் பகுதியில் காண்ட்பெர்க் சரிவில் வண்டு பெருகி மூத்த ஸ்புரூஸ்கள் செத்தன. அங்கே மரங்களை அகற்றாமல் விட்டு ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். நின்ற பட்டமரங்களும், பின்னர் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்த கட்டைகளும் உருளும் கல்லையும் வழுக்கும் பனியையும் ஆண்டுக்கணக்கில் தாங்கின. மொட்டையடித்த சரிவில் அந்தத் தடுப்பு மறுநாளே போய்விடும். சரிவில் மரத்தை வெட்டியே ஆக வேண்டுமானால், உயரமான அடிக்கட்டையை விட்டு அறுத்து, தண்டைச் சரிவுக்குக் குறுக்காகக் கிடத்துவது நல்லது.

தடுக்க வேண்டிய இடத்தில் தடுப்பது எப்படி?

இடைப்பட்டியிலும் மரக்காட்டிலும் காலம்தான் எல்லாம். ஐரோப்பிய நிலைமைக்குப் பின்வரும் ஒழுங்கு பொருந்தும்.

1. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆள் நடந்துபோய் மரத்தூளைத் தேட வேண்டும். சென்ற ஆண்டின் தாக்கு விளிம்பு, வெயில்படும் தெற்கு ஓரம், புதிதாக மரம் சாய்ந்த இடம் ஆகியவற்றில் தொடங்கலாம். மழை பெய்தால் தூள் கரைந்துவிடும். மழை ஓய்ந்து ஓரிரு நாள் கழித்துப் போவதே பயன்.

2. பச்சை நிலை மரத்தைப் புதிய வண்டுகள் பறக்கும் முன் வெட்ட வேண்டும். வெட்டிக் காட்டிலேயே போட்டுவைத்தால் பயனில்லை. வண்டு கட்டையிலிருந்தும் பறக்கும்.

3. மரத்தை அடுக்கிவைக்கும் இடம் ஸ்புரூஸ் தோப்புகளிலிருந்து 500 மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

4. வெளியே கொண்டுபோக வழியில்லாவிட்டால் பட்டையை உரிக்க வேண்டும். புழு நிலையில் உரித்தால் அது காய்ந்து சாகும். முழு வண்டாகிவிட்டால் உரித்த பட்டையிலிருந்தும் தப்பிப் பறக்கும். அப்போது பட்டையைச் சில்லுகளாக அரைக்கவோ அப்புறப்படுத்தவோ வேண்டும். முழுவதும் உரிக்காமல், சிறு இடைவெளிகளில் பட்டையைக் கீறிவிடும் முறையைப் பவேரியக் காட்டில் சோதித்துப் பார்த்தார்கள். வண்டும் பெருகவில்லை, கட்டையில் வாழும் மற்ற பூச்சிகளும் பூஞ்சைகளும் தப்பின. இயற்கைக் காப்பு முக்கியமான இடத்துக்கு ஏற்ற வழி இது.

5. இனக்கவர்ச்சிப் பொறி வண்டு எப்போது, எவ்வளவு பறக்கிறது என்று அறிய உதவும். பொறியை நம்பித் தாக்கை அடக்க முடியாது. அதில் சிக்குவது சிறு பங்கே. உயிருள்ள ஸ்புரூஸ் மரத்துக்குப் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் வைத்தால், அழைக்கப்பட்ட வண்டு பொறியை விட்டு அந்த மரத்தில் இறங்கும்.

6. பூச்சிமருந்து பட்டைக்கு அடியில் உள்ள புழுவை எட்டாது. வண்டின் எதிரிகளையும் நீரோடையையும்தான் எட்டும். முதுகாட்டில் அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

சால் காடு கற்பித்தது

மேலே சொன்ன ஒழுங்கை அப்படியே இந்தியாவுக்குப் பெயர்த்துவர முடியாது என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் சால் காடுகள் சாட்சி. சால் மரத்தைத் துளைக்கும் நீள்கொம்பு வண்டு 1920களிலேயே அந்த வட்டாரத்தைக் கலங்கடித்திருந்தது. 1990களின் பிற்பாதியில் மாண்ட்லா, திண்டோரி பக்கம் அது மீண்டும் வெடித்துக் கிளம்பியது. ஐந்து லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் சுமார் 30 லட்சம் சால் மரங்கள் பலியாயின. தாக்குண்ட மரங்களில் எவற்றை வெட்டலாம் என்ற பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை போனது.

இந்த வண்டுக்கு ஆண்டுக்கு ஒரே தலைமுறை. முதல் பருவமழை பெய்ததும் மரத்துக்குள்ளிருந்து வெளியே வரும். முட்டையிலிருந்து வரும் புழு உள்பட்டையோடு நிற்காது. வெளிக்கட்டையைக் கடந்து வைரம் பாய்ந்த நடுக்கட்டைக்குள் புகுந்துவிடும். துளையிலிருந்து தள்ளிய மரத்தூள் மரத்தடியில் குவியும். புழு நடுக்கட்டைக்குள் போனபின் பட்டையை உரித்துப் பயனே இல்லை. தாக்குண்ட கட்டையை அடுத்த மழைக்கு முன் காட்டைவிட்டு வெளியேற்றுவதுதான் தடுப்பு. ஸ்புரூஸ் காட்டில் வாரக்கணக்கில் ஓட வேண்டிய வேலை, சால் காட்டில் மழைக்காலத்தை மையமாக வைத்து ஆண்டுக்கணக்கில் திட்டமிட வேண்டிய வேலை.

ஆனால் சால் வண்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. புதிதாக வெட்டிய சால் கட்டையிலிருந்து கசியும் சாறு அதைத் தொலைவிலிருந்தும் இழுக்கும். இதை வைத்து உருவானதுதான் பொறிமர முறை. மழை தொடங்கியதும் நலிந்த ஒரு சால் மரத்தை வெட்டித் துண்டுகளாக்கி, முனைகளில் பட்டையை அடித்து நசுக்கிச் சாறு ஊறவிடுவார்கள். அங்கே கூடிச் சாற்றை உறிஞ்சி மயங்கிக் கிடக்கும் வண்டுகளைக் கையாலேயே பொறுக்கிக் கொல்வார்கள். பிடித்த வண்டின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கிராமத்தாருக்குக் கூலி கொடுக்கப்பட்டது. பழங்குடி மக்கள் பெரும் எண்ணிக்கையில் இந்தப் பணியில் இறங்கினார்கள். நஞ்சு இல்லை, பெரிய எந்திரம் இல்லை, காசு ஊருக்குள்ளேயே தங்குகிறது. தாக்கு கட்டுமீறிய பிறகு இதைப் பெரிய அளவில் செய்வதைவிட, வண்டு குறைவாக இருக்கும் ஆண்டுகளிலும் மழைதோறும் சில பொறிமரங்களை இட்டு எண்ணிக்கையைக் கவனித்துவருவதே சிக்கனம். அந்த எண்ணிக்கை ஏறத் தொடங்கினால் அடுத்த ஆண்டுக்கான எச்சரிக்கை கையில் கிடைத்துவிடும்.

பேராசையின் விலை

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1990களின் இறுதியில் மலைப் பைன் வண்டு பெருகத் தொடங்கியது. பதினைந்து ஆண்டுகளில் அது 1 கோடியே 80 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பரவி, அந்த மாகாணத்தில் விற்பனைக்கு உகந்த லாட்ஜ்போல் பைன் மரத்தில் பாதிக்கு மேல் கொன்றது. காரணங்கள் இரண்டு. காட்டுத்தீயை நூறாண்டாக அணைத்துக்கொண்டே வந்ததால், வண்டு விரும்பும் முதிர்ந்த பைன் எங்கும் பரவி நின்றது. அதோடு, வண்டைக் கொல்லும் மைனஸ் 40 டிகிரி அளவிலான குளிர் அபூர்வமாகிவிட்டது. கார்பனை உறிஞ்சிவந்த காடு அதை வெளியிடும் காடாக மாறியது என்று 2008இல் ஆய்வாளர்கள் கணக்குக் காட்டினார்கள்.

செத்த மரம் வீணாகும் முன் அறுத்துவிட வேண்டும் என்று அரசு ஆண்டு வெட்டு அளவை உயர்த்தியது. ஆலைகள் இரவு பகலாக ஓடின. செத்த பைனோடு, அடியில் நின்ற உயிருள்ள ஸ்புரூஸ், ஃபிர் மரங்களும் இளங்கன்றுகளும் பல இடங்களில் சேர்ந்தே போயின. வண்டு விட்டுவைத்தது அந்தக் கன்றுகளைத்தான்; அடுத்த காடு அவற்றிலிருந்துதான் எழும்பியிருக்க வேண்டும். இறந்த மரம் தீர்ந்ததும் வெட்டு அளவு சரிந்தது, ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின, ஆலையை நம்பிய ஊர்களில் வேலை போனது. சில ஆண்டு வருமானத்துக்காக ஒரு தலைமுறை வேலையைக் கொடுத்த கதை அது.

ஆகவே மீட்பு வெட்டு தவிர்க்க முடியாத இடத்திலும் நான்கு எல்லைகளை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். உயிருள்ள மரத்தையும் கன்றையும் தொடக் கூடாது. எந்திரம் குறித்த தடங்களில் மட்டும் ஓட வேண்டும். மண் உறைந்திருக்கும்போதோ காய்ந்திருக்கும்போதோ மட்டுமே இறங்க வேண்டும். பரப்பில் ஒரு பங்கை முழுதாக வெட்டாமல் விட வேண்டும். எவ்வளவு பங்கு என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. புயல், தீ, வண்டு ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட காடுகள் பற்றிப் பல நாடுகளில் திரட்டிய தரவை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, பாதிக்கப்பட்ட பரப்பில் சுமார் 75 சதவீதத்தை வெட்டாமல் விட்டால் அந்த நிலைக்கே உரிய உயிரினங்களில் 90 சதவீதம் தங்கும் என்று காட்டியது. பாதியை விட்டால் 73 சதவீதம் தங்கும்.

பட்டமரத்தின் வேலை

காட்டு உயிர்களில் கணிசமான பங்கு செத்த மரத்தைச் சார்ந்தது. பல ஐரோப்பியக் காடுகளுக்கு, ஹெக்டேருக்கு 20 முதல் 50 கன மீட்டர் செத்த மரம் இருந்தால்தான் அதைச் சார்ந்த உயிரினங்கள் செழிக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. மரத்துக்காக வளர்க்கும் காடுகள் பலவற்றில் இவ்வளவு இருப்பதில்லை. பவேரியக் காட்டில் வண்டுக்குப் பிறகு செத்த மரம் குவிந்ததும், அருகிப்போயிருந்த எலுமிச்சை மஞ்சள் நிறப் பூஞ்சை ஒன்று மீண்டும் பரவியது. மூவிரல் மரங்கொத்திக்கு இரையும் கூடும் கிடைத்தன. பியாவோவியெஷா வழக்கிலும், செத்த மரத்தை நம்பி வாழும் அரிய வண்டுகளின் வாழிடத்தை வெட்டு அழிக்கிறது என்பது நீதிமன்றம் எடுத்துக்கொண்ட காரணங்களில் ஒன்று.

இன்னொரு வேலையும் உண்டு. உயர்ந்த மலையில் தரையைப் புல்லும் புதரும் அடர்த்தியாக மூடிவிடும். விழும் விதைக்கு வெளிச்சம் கிடைக்காது. மட்கிய கட்டையின் மேல் விழும் ஸ்புரூஸ் விதைக்கு ஈரமும் உண்டு, புல்லின் போட்டியும் குறைவு, பனியும் அங்கே சீக்கிரம் உருகும். அதனால் மலை ஸ்புரூஸ் காடுகளில் கன்றுகளில் ஒரு பெரும் பங்கு கட்டைகளின் மேல்தான் வேர்பிடிக்கிறது. அந்தக் கட்டையை விறகாக விற்றவர், பிறகு நாற்றங்காலுக்குப் பணம் கட்ட வேண்டிவரும்.

நடுவதற்கு முன் பொறுமை

தாக்கு ஓய்ந்த அடுத்த ஆண்டே நாற்று நடும் விழா வைப்பது நல்ல படம் கொடுக்கும். காட்டுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. முதலில் இரண்டு, மூன்று ஆண்டுகள் பொறுத்திருந்து, குறித்த இடைவெளிகளில் சிறு வட்டங்கள் அமைத்துக் கன்றுகளை எண்ண வேண்டும். இனம், உயரம், மான் கடித்த தடம் மூன்றையும் எழுத வேண்டும். விதைமரம் அருகில் இருந்தால் காடு தானே எழும். பவேரிய மலையில் முதலில் ரோவன் மரம் முளைத்தது. பறவைகள் அதன் பழத்தைத் தின்று விதையைப் பரப்பின. ஸ்புரூஸ் கன்றுகளும் திரளாக வந்தன, தாழ்வான சரிவுகளில் பீச் சேர்ந்தது.

நட வேண்டிய இடங்களும் உண்டு. விதைமரமே இல்லாத பெரும் வெட்டவெளியிலும், ஒற்றை இன ஸ்புரூஸ் தோப்பு செத்து மீண்டும் அதே ஸ்புரூஸ் மட்டும் முளைக்கும் இடத்திலும் கலப்பு இனங்களைக் குழுக்குழுவாக நடலாம். பீச், ஃபிர், மேப்பிள் போன்றவை ஐரோப்பிய மலைகளுக்கு ஏற்றவை. ஆனால் மான்கள் மிகுந்த இடத்தில் ஃபிர் கன்று வேலியின்றித் தப்பாது. மானைக் கட்டுப்படுத்தாமல் நடும் காசு, மானுக்கே தீனியாகும்.

மக்களும் பாதுகாப்பும்

பட்டமரம் ஒருநாள் விழும். சாலை, நடைபாதை, மின்கம்பி, வீடு ஆகியவற்றின் ஓரத்தில், மரத்தின் உயரத்துக்கும் சற்று அதிகமான அகலத்தில் அதை வெட்டித்தான் ஆக வேண்டும். பியாவோவியெஷா பற்றிய நீதிமன்ற உத்தரவிலேயே பொதுப் பாதுகாப்புக்கு விதிவிலக்கு இருந்தது. வெட்டிய கட்டையைப் பாதையோரத்திலேயே கிடத்திவிடலாம். இந்த வேலை அனுபவமுள்ளவர்களுக்கே உரியது. காய்ந்த உச்சி முறிந்து தலையில் விழும் ஆபத்து உண்டு. காற்று வீசும் நாளில் ஒருவரையும் உள்ளே அனுப்பக் கூடாது.

தீயையும் மறக்கக் கூடாது. 2022 ஜூலையில், செக் நாட்டின் போஹீமிய சுவிட்சர்லாந்து தேசியப் பூங்காவில் 1,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. வண்டால் செத்த ஸ்புரூஸ்கள் நிறைந்த காடு அது. எரிந்தது செத்த மரத்தால்தான் என்று ஊர் சொன்னது. விசாரணையில் மனிதரே தீ வைத்தது தெரியவந்தது. இரண்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். காய்ந்த ஊசியிலைகள் கிளையில் ஒட்டியிருக்கும் சிவப்பு நிலைக் காட்டில் கோடை ரோந்தும், ஊரை ஒட்டிய பகுதியில் எரிபொருள் குறைப்பும், தீயணைப்பு வண்டி போகும் தடமும் அவசியம். காடு முழுவதையும் மொட்டையடிக்க இது காரணம் ஆகாது.

கடைசியாக, ஊராரிடம் பேசுவது. பவேரியாவில் எதிர்ப்பு வெடித்ததற்கு, தாங்கள் பிறந்து வளர்ந்த பச்சை மலை கண்முன்னே சாம்பலானது ஒரு காரணம். அந்த வேதனை நியாயமானது. முடிவெடுத்த பிறகு அறிவிப்பதைவிட, தாக்கு தொடங்கிய முதல் கோடையிலேயே ஊர்க்கூட்டம் போட்டு வரைபடத்தைக் காட்டி, எந்த எல்லைவரை வெட்டுவோம், எதை விடுவோம், தனியார் தோப்புக்கு என்ன பாதுகாப்பு என்று சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அவர்களை உள்ளே அழைத்துப் போய்க் கன்றுகளைக் காட்ட வேண்டும்.

இவ்வளவையும் செயலில் கொண்டுவர ஒரு பக்கத் தாள் போதும்: பூச்சி எது, மரத்தில் எங்கே இருக்கிறது, மரம் எந்த நிலையில் உள்ளது, பகுதி எந்த வகை, கன்றுகள் எத்தனை. இந்த ஐந்துக்கும் விடை எழுதாத வெட்டுக் கோரிக்கை மேசைக்கு வந்தால் திருப்பி அனுப்புங்கள். ஐந்தும் எழுதப்பட்டிருந்தாலும், கையெழுத்திடும் முன் காட்டுக்குப் போய்ப் பட்டியலில் உள்ள சில மரங்களின் பட்டையை நீங்களே உரித்துப் பாருங்கள். தடுக்க வேண்டிய பகுதியில் புழு இருந்தால் அன்றே வெட்டச் சொல்லுங்கள். காய்ந்த வெறும் கட்டையாக இருந்தால், பூச்சித் தடுப்பு என்ற பெயரில் அதை வெட்ட அனுமதிக்காதீர்கள்.